பின்பக்கத்து இடது தோள்

சேசு மரி சூசை

அந்தோணியார் தெரு,
சூசைநல்லூர்.
4-11-1996

மகா கனம் பொருந்திய ஒன்றியக் கவுன்சிலர் அ. குழந்தைராஜ் அவர்கள் சமூகத்துக்கு, அந்தோணியார் தெரு காலஞ்சென்ற சவரிமுத்து பெஞ்சாதி சகாயம்மாள் எழுதிக்கொண்ட மனு.

முந்தாநாள் கல்லறைத் திருநாள். ஊர் முழுக்கப் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனது. தாங்கள் வரவில்லை. ஜெயித்ததற்கு மாலை போடுகிறார்கள் என்று பாபநாசம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதனால் நாங்கள் எப்படிப் போனோம் என்று தெரிவிக்கிறேன். மேலவீட்டு மிராசுதார் வயலில் சம்பா நிற்கிறது. அந்த வரப்பில் ஒருத்தர் பின்னால் ஒருத்தர்தான் நடக்கலாம். ஒரு பயிர் மிதிபட்டாலும் காவல்காரன் பெயர் கேட்கிறான். வரப்பில் கால் நிற்காதவர்கள் வாய்க்காலில் இறங்கி இடுப்புத் தண்ணீரில் போனோம். எனக்கு அறுபத்தெட்டு வயது. மெழுகுவர்த்தியைக் கொண்டையில் செருகிக்கொண்டு போனேன்.

உயிரோடு இருக்கிறவர்கள் பாடு இது. செத்தவர்கள் பாடு தங்களுக்குத் தெரியும். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இந்த ஊரில் செத்தால் பெட்டி வாய்க்கால் வழியாகத்தான் போக வேண்டும். நாலு பேர் சேர்ந்து நடக்க வரப்பில் இடமில்லை, வயலில் கால் வைக்க மேலவீட்டில் விடுவதில்லை. என் வீட்டுக்காரர் அப்படித்தான் போனார். அவர் பெட்டி தண்ணீரில் விழுந்ததும் தங்களுக்குத் தெரியும். பின்பக்கத்து இடது தோள் தாங்கள்தான்.

ஓட்டுக் கேட்டு ஜீப்பில் வந்தபோது எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் கும்பிடு போட்டீர்கள். என் வீட்டு வாசலில் மட்டும் ஜீப் நிற்கவில்லை. பத்தொன்பது வருஷமாகப் பேச்சு இல்லாத அக்கா வீட்டில் நிற்காதது சரிதான். ஆனால் மைக்கில் சொன்னது என் காதிலும் விழுந்தது. கல்லறைக்குப் பாதை போட்டுவிட்டுத்தான் அடுத்த ஓட்டுக் கேட்பேன் என்றீர்கள். நானும் ஓட்டுப் போட்டிருக்கிறேன். யாருக்கு என்று சொல்ல மாட்டேன்.

பாதை எப்போது? பதில் தேவை.

ஒரு கார்டில் இடம் போதவில்லை. மூன்று கார்டில் எழுதி, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டிருக்கிறேன்.

சகாயம்மாள்

•

அ. குழந்தைராஜ்,
ஒன்றியக் கவுன்சிலர்,
பள்ளிக்கூடத் தெரு,
சூசைநல்லூர்.
20-1-1997

அன்புடையீர்,

தங்கள் மனு கிடைக்கப்பெற்றது. நான் பொறுப்பேற்ற இந்தச் சில மாதங்களுக்குள் பள்ளிக்கூடத் தெருவில் ஆறு டியூப் லைட், கோவில் முன்பு ஒரு கை பம்பு, பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். கல்லறைப் பாதை குறித்தும் நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.

அக்கா, இதற்கு மேல் மனுவுக்கு எழுதுகிறவனாக எழுத முடியவில்லை. முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கார்டில் எழுதாதீர்கள். நம் இரண்டு தெருவுக்கு நடுவில் இருக்கிறது ஒரு கோவில்தான். உங்கள் கார்டு பாபநாசம் போய், முத்திரை வாங்கிக்கொண்டு, திரும்ப இந்த ஊருக்கே வருகிறது. வழியில் எத்தனை கண் படுகிறது? தபால்காரர் யூனுஸ் பாய் நல்ல மனிதர்தான். ஆனால் மூன்று கார்டையும் வரிசைப்படி அடுக்கிக் கொடுத்தார். இத்துடன் இன்லாண்டு லெட்டர் நாலு வைத்திருக்கிறேன்.

பாதைக்கு ஒன்றியத்தில் அனுமதி வாங்கிவிட்டேன். யாரும் எதிர்பார்க்கவில்லை. வாய்க்கால் கரையை ஒட்டி மேலவீட்டு வயலில் பன்னிரண்டடி அகலம் வேண்டும். மிராசுதார் மகன் தியாகுவைப் போய்ப் பார்த்தேன். அப்பா மாதிரி இல்லை, உட்காரச் சொன்னார். சும்மா தர மாட்டார், மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறார். அவருடைய போர்செட்டை ஒட்டி அவர் வயலுக்கு நடுவில் நம் இரண்டு மா நிலம் கிடக்கிறதே, அதைக் கேட்கிறார். கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இருபத்தைந்து வருஷமாக நான் உழுகிற நிலம், விட்டுக்கொடுக்கிறது எனக்குச் சுலபமில்லை.

அப்பா அதைக் கிரயம் வாங்கினபோது நம் இரண்டு பேர் பெயரிலும் எழுதியிருக்கிறார். மூலப்பத்திரம் உங்களிடம் இருக்கிறது. நீங்களும் கையெழுத்துப் போட்டால்தான் மாற்றுப் பத்திரம் செல்லும். போடுவீர்கள் என்று நம்புகிறேன். இந்தப் பாதையைக் கேட்டதே நீங்கள்தான்.

தம்பி,
குழந்தைராஜ்

•

சேசு மரி சூசை

2-2-1997

குழந்தைராஜுக்கு,

இன்லாண்டு லெட்டர் வந்தது. உன் கடிதத்தாளில் கட்சித் தலைவர் படம் இருக்கிறது, சேசு மரி சூசை இல்லை. இருக்கட்டும்.

அந்த இரண்டு மா அம்மாவின் தோட்டை விற்று வாங்கினது. நீ ஒருத்தனே அதை உழுது சாப்பிட்டாய். நெல் எங்கே என்று ஒரு போகத்துக்கும் நான் கேட்கவில்லை. இப்போது அது மேலவீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாய். எந்த வீட்டுக்கு நடவு செய்தே அம்மாவுக்கு இடுப்பு போனதோ அந்த வீட்டுக்கு. அதற்கும் நான் சம்மதிக்கிறேன். ஊர்ப் பிணம் கால் நனையாமல் போகும் என்றால் நிலம் போகட்டும்.

ஆனால் கையெழுத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன். புயல் அடித்த வருஷம், புயல் ஓய்ந்து பத்தாம் நாள். பெட்டிக்கு இரண்டு தண்டு, நாலு பேர். முன்பக்கம் உபதேசியாரும் அவர் மச்சினனும். பின்பக்கத்து வலது தோள் என் கொழுந்தன், இடது தோள் நீ. தண்டு தோளை அறுக்காமலிருக்க ஆளுக்கொரு துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைத்திருந்தீர்கள். மார்பளவு தண்ணீர். நான் வரப்பில் பின்னால் வந்தேன். மதகு கிட்டத்தில் தெரிந்தது. அப்போது மேலவீட்டு மிராசுதார் குடை பிடித்துக்கொண்டு எதிர் வரப்பில் வந்து நின்றார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். நீ மட்டும் தோளிலிருந்த துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கினாய். தண்டு சரிந்தது. பெட்டி தண்ணீரில் விழுந்து, மிதந்து, மதகுப் பலகையில் போய் மோதி நின்றது. மூடி ஆணி அடித்தது என்பதால் திறக்கவில்லை. அந்த ஒன்றைத்தான் சர்வேசுரன் எனக்குச் செய்தார். மிராசுதார் குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

கூலிப் போராட்டத்தில் மேலவீட்டு நடவுக்கு ஆள் இறங்காமல் நிறுத்தினவர் என் வீட்டுக்காரர். திருச்சி ஜெயிலில் நாற்பத்தொரு நாள் இருந்தார். அந்த மிராசுதார் முன்னால் அவர் ஒரு நாளும் துண்டை எடுத்ததில்லை. அவரைச் சுமந்துகொண்டு போனவன் எடுத்தான்.

வாய்க்காலில் பள்ளம், கால் இடறிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாய். முன்னால் போன இரண்டு பேருக்கு முதுகில் கண் இல்லை. என் கொழுந்தன் தலை பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது. பார்த்தது நான் ஒருத்தி. நம்பினவர்களிடம் நான் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த சித்திரையில் வாய்க்கால் காய்ந்ததும் இறங்கி நடந்து பார்த்தேன். மதகு வரைக்கும் ஒவ்வொரு அடியாகக் கால் வைத்துப் பார்த்தேன். பள்ளம் இல்லை.

கிராம சபை கூடும்போது எழுந்து நின்று துண்டை எடுத்தேன் என்று சொல். அன்றைக்குச் சாயங்காலமே கையெழுத்துப் போடுகிறேன்.

சகாயம்மாள்

•

அ. குழந்தைராஜ்,
ஒன்றியக் கவுன்சிலர்.
9-3-1997

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பள்ளம் இருந்தது. புயல் தண்ணீர் ஒரு நாளில் பள்ளம் பறிக்கும், ஒரு நாளில் மூடும். ஆறு மாதம் கழித்துப் போய்க் காலால் தேடினால் எப்படிக் கிடைக்கும்? நீங்கள் துக்கத்தில் இருந்தீர்கள். கண்ணில் மழை. துண்டு நழுவினதைப் பார்த்திருப்பீர்கள், நான் எடுத்ததாக மனதில் பதிந்துவிட்டது.

நான் எந்தக் கட்சியில் இருக்கிறேன் என்று யோசித்துப் பாருங்கள். தோளில் துண்டு போடுகிற உரிமையை வாங்கித் தந்தது நாங்கள்தான் என்று முப்பது வருஷமாக மேடை மேடையாகப் பேசுகிறேன். இந்தத் தேர்தலிலும் பேசினேன். எதிரில் நின்ற ராசு இன்னும் தோற்றதை ஒப்புக்கொள்ளவில்லை. கிராம சபையில் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த நாளே துண்டு கவுன்சிலர் என்று சுவரில் எழுதுவான். பிறகு நான் யாரிடம் போய் எந்தப் பாதையைக் கேட்பது?

வேறு எதையாவது கேளுங்கள். பாதைக்கு அத்தான் பெயரை வைக்கிறேன். தியாகி சவரிமுத்து பாதை என்று கல்லில் வெட்டி வைக்கலாம். திறப்பு விழாவில் உங்களை மேடையில் உட்கார வைக்கிறேன்.

என் வீட்டில் அக்னஸுக்கு உடம்பு சரியில்லை. இரண்டு காலும் வீங்கியிருக்கிறது. தஞ்சாவூரில் காட்டினோம், சிறுநீரகம் என்கிறார்கள். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தம்பி,
குழந்தைராஜ்

•

(அஞ்சலட்டை)

சேசு மரி சூசை

15-3-97

கவுன்சிலருக்கு,

என் கண்ணில் மழை இல்லை. அன்றைக்கு வெயில். மிராசுதார் குடை பிடித்தது வெயிலுக்கு.

கல்லில் பெயர் வேண்டாம். மேடை வேண்டாம். சொல், போடுகிறேன்.

இன்லாண்டு லெட்டர் மிச்சம் இருக்கிறது. இதைக் கார்டில்தான் எழுத வேண்டும் என்று எழுதுகிறேன்.

சகாயம்மாள்

•

அ. குழந்தைராஜ்,
ஒன்றியக் கவுன்சிலர்.
20-5-1997

அக்காவுக்கு,

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஜல்லி இறங்கியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் என்றுதான் அங்கே கொட்டச் சொன்னேன். எட்டு லாரி. வாய்க்கால் இப்போது காய்ந்து கிடக்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் மேட்டூரைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் வந்துவிட்டால் தை வரைக்கும் மண்வெட்டி வைக்க முடியாது. மார்கழிக்குள் வேலை ஆரம்பிக்கவில்லை என்றால் அனுமதி ரத்தாகி, வேறு ஊர்ப் பாதைக்கு ஜல்லி போய்விடும். ஓவர்சியர் இரண்டு தடவை வந்துவிட்டார். என்ன சார் தகராறு என்கிறார். என் அக்காதான் தகராறு என்று எப்படிச் சொல்வேன்?

பத்திரம் எழுதித் தயாராக இருக்கிறது. மேலவீட்டுத் தியாகு கையெழுத்துப் போட்டுவிட்டார். மேலவீட்டு மனிதரே போட்டுவிட்டார், என் கூடப் பிறந்தவர் போடவில்லை. இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மேல் இருக்கிற கோபத்தில் ஒரு தெருவையே தண்டிக்கிறீர்கள். அடுத்த மழையில் யார் வீட்டுப் பெட்டி தண்ணீரில் இறங்கினாலும் அந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. சாமியாரிடம் கேட்டுப் பாருங்கள்.

பத்திரத்தை இத்துடன் அனுப்புகிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து வேண்டும்.

குழந்தைராஜ்

•

சேசு மரி சூசை

9-9-1997

குழந்தைராஜுக்கு,

பத்திரம் என் டிரங்குப் பெட்டியில் அப்பாவின் பத்திரத்தோடு இருக்கிறது. கிழிக்கவில்லை. போடவும் இல்லை.

சாமியாரிடம் கேட்கச் சொன்னாய், கேட்டேன். மன்னிக்க வேண்டும் அம்மா என்றார். பொய் சொன்னவன் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் அவனுக்குப் பாவமன்னிப்புக் கொடுப்பீர்களா சாமி என்றேன். பாதிரியார் வேறு, பாதிக்கப்பட்டவர் வேறு என்றார். படித்தவர், எதையாவது சொல்வார்.

தெருக்காரர்களும் வந்தார்கள். நாகம்மாள் வந்தாள், மங்களாம்பிகை வீட்டில் வந்தார்கள். அவர்கள் சுடுகாடும் அதே வாய்க்கால் தாண்டித்தானே இருக்கிறது. ஏன் ஆத்தா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாய் என்று கேட்டார்கள். கவுன்சிலரைக் கேளுங்கள், அவருக்குக் காரணம் தெரியும் என்றேன். உன்னிடம் வந்திருப்பார்கள். நீ என்ன சொன்னாய்? கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொன்னதாக எனக்குச் சொன்னார்கள். நீ சொல்லியிருக்க மாட்டாய் என்று நான் நினைக்கவில்லை.

இதை எழுதுகிற காரணம் வேறு. நேற்று அக்னஸ் வந்தாள். உனக்குத் தெரியாமல் வந்தாள். கோவிலுக்கு வருகிறதாகச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். கால் இரண்டும் பூசணிக்காயாக இருக்கிறது. கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்.

“அண்ணி, கையெழுத்தப் போட்டுடுங்க. அவரு சொல்ல மாட்டாரு. துண்டுக் கதை எனக்குத் தெரியும். கட்டின நாள்லேருந்து இன்னொரு சட்டை இன்னொரு வேட்டின்னு எது வாங்கினாலும் சும்மா இருப்பாரு, துண்டு வாங்கினா மட்டும் தோள்ல போட்டுப் போட்டுப் பாப்பாரு. அவர விடுங்க. எனக்காகப் போடுங்க. நா இந்த மழைக்குத் தாங்க மாட்டேன். எனக்குத் தண்ணின்னா பயம் அண்ணி.”

நான் அவளை மழைக்குள் ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டிரங்குப் பெட்டி அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால்தான் இருந்தது. திறக்கவில்லை.

அவள் போன பிறகு திறந்தேன். பேனாவும் எடுத்தேன். போட்டிருப்பேன். நீ அவளை அனுப்பியிருப்பாயோ என்று ஒரு நினைப்பு வந்தது, மூடிவிட்டேன். நீ அனுப்பினாயா? அதை மட்டும் எழுது.

சகாயம்மாள்

•

சேசு மரி சூசை

30-11-1997

குழந்தைராஜுக்கு,

நீ பதில் எழுதவில்லை. இப்போது வேண்டாம். அக்னஸ் தானாகத்தான் வந்தாள் என்று அவள் அடக்கத்தன்று உன் மகன் லூர்துராஜ் சொன்னான். கோவிலுக்குப் போகிறேன் என்று சொன்னவளைத் தேடி நீங்கள் மூன்று தெரு அலைந்ததாகச் சொன்னான். அதைக் கேட்ட இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்தது.

பெட்டிக்குப் பின்னால் நானும் வந்தேன், நீ பார்க்கவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். வாய்க்கால் கரை புரண்டு ஓடியது. நாலு பேரும் இறங்கப் போகும்போது மேலவீட்டுத் தியாகு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார்.

“கவுன்சிலர் வீட்டுச் சாவு, தண்ணில எறங்குவீங்களா. வயல்ல எறங்கிப் போங்க. மிதிபட்டா மிதிபடட்டும்.”

நீ இறங்கினாய். அதற்கு நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அக்னஸுக்குத் தண்ணீர் பயம். பால் பிடித்த கதிரில் அவளைக் கொண்டுபோனது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்ததே என்று வயிறு எரிந்தது. அதையும் மறைக்கவில்லை.

இந்தத் தடவையும் பின்பக்கத்து இடது தோள் நீதான். தியாகுவின் பக்கத்தில் போகும்போது உன் கை மேலே போனது. தண்டுக்கு அடியிலிருந்து கட்சிக் கரை போட்ட துண்டை உருவினாய். தண்டு ஒரு சாண் இறங்கியது. பெட்டி சாய்ந்தது. பின்னால் வந்த லூர்துராஜ் பாய்ந்து இரண்டு கையாலும் தாங்கினான். துண்டு உன் கக்கத்தில் இருந்தது.

கரையில் நாற்பது பேர் நின்றார்கள். ராசுவும் நின்றான். என் கொழுந்தன் திரும்பி என்னைப் பார்த்தான். இருபது வருஷம் கழித்து அவனுக்குப் புரிந்துவிட்டது.

இனி நீ சொல்ல வேண்டாம். ஊர் பார்த்துவிட்டது.

பத்திரம் இத்துடன் இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட இடத்தில் போட்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணலாக இருக்கும். செல்லும்.

அக்னஸ் கேட்ட அன்றைக்கே போட்டிருந்தால் அன்றைக்கே ஜல்லி விரிந்திருக்காது, தண்ணீர் வந்துவிட்டது, எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் பயம் இல்லாமல் வீட்டுக்குப் போயிருப்பாள். அந்தப் பாவத்தை நான் எங்கே சொல்லிக்கொள்வது என்று தெரியவில்லை. சாமியாரிடம் சொன்னேன். மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார். இதற்கு மூன்று போதுமா?

சகாயம்மாள்

•

சேசு மரி சூசை

பள்ளிக்கூடத் தெரு
2-2-1998

அக்கா,

கடிதத்தாள் தீரவில்லை. வெறும் தாளில் எழுதுகிறேன்.

முதலில் கெட்ட செய்தி. ஜல்லி போய்விட்டது. உன் கையெழுத்து வந்த மறுநாளே பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். பதிவு முடிய மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அனுமதி ரத்தாகிவிட்டது. பொங்கலுக்கு முந்தின வாரம் எட்டு லாரியும் வந்து அள்ளிக்கொண்டு போயின. திருவையாற்றுப் பக்கம் ஏதோ ஒரு ஊருக்கு. கொட்டின இடத்தில் புல் முளைக்காமல் வெள்ளையாகக் கிடக்கிறது, நீயும் பார்த்திருப்பாய். நிலம் மாற்றியது மாற்றியதுதான். நம் இரண்டு மா இப்போது மேலவீட்டில் இருக்கிறது. அவர்கள் கொடுத்த பன்னிரண்டடி நம்மிடம் இருக்கிறது. ஒரு சேற்றுத் துண்டு. மழை வந்தால் வாய்க்காலோடு சேர்ந்துவிடும். ஜல்லி இல்லாமல் அதில் நாலு பேர் பெட்டி தூக்க முடியாது. மறுபடியும் அனுமதி கேட்டிருக்கிறேன். என் பேச்சு இப்போது அங்கே எடுபடவில்லை.

இனி நீ கேட்டது. ஜனவரி இருபத்தாறு கிராம சபையில் எழுந்து நின்று சொன்னேன். நீ வரவில்லை. வருவாய் என்று கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளம் இல்லை, நான் துண்டை எடுத்தேன், அதனால்தான் சவரிமுத்து பெட்டி விழுந்தது, என் அக்கா சொன்னது உண்மை, அவளுக்குப் புத்தி பேதலிக்கவில்லை என்று சொன்னேன். ராசு சிரிப்பான் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் அய்யாவு மட்டும், “அந்தக் காலத்துல யாருதான் எடுக்கல” என்றார். அதற்கப்புறம் ராசு எழுந்தான்.

“அது சரி கவுன்சிலர், அந்தோணியார் தெருவுல எப்ப லைட்டு எரியும்?”

அவ்வளவுதான். இருபது வருஷமாக நான் மூடி வைத்திருந்தது ஒரு டியூப் லைட்டுக்குக்கூடப் பெறவில்லை. போன வருஷம் நீ கேட்டபோதே எழுந்து சொல்லியிருந்தால், இதே மாதிரிதான் கேட்டுவிட்டு விளக்கைப் பற்றிப் பேசியிருப்பார்கள். பங்குனியில் நீ கையெழுத்துப் போட்டிருப்பாய். வைகாசியில் ஜல்லி விரிந்திருக்கும். அக்னஸ் யாருடைய தயவும் இல்லாமல் ரோட்டில் போயிருப்பாள். இதை நான் தினம் ஒரு தடவை கணக்காகப் போட்டுப் பார்க்கிறேன், மாறமாட்டேன் என்கிறது.

நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. இரண்டு தடவையும் யாரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை. எடுக்க வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. கை தானாகப் போனது. எட்டு வயதில் அப்பாவோடு மேலவீட்டுக் களத்துக்குப் போகும்போது, அப்பா என் பிடரியில் தட்டுவார், நான் எடுப்பேன். அந்தத் தட்டு இன்னும் பிடரியில் இருக்கிறது. மேடையில் பேசும்போது இருக்காது. அவர்கள் வீட்டு ஆள் முகத்தைப் பார்த்தால் வந்துவிடுகிறது. லூர்துராஜ் என்னோடு பேசுவதில்லை. திருப்பூருக்குப் போய்விட்டான்.

அக்னஸை நான் அனுப்பவில்லை.

தம்பி,
குழந்தை

•

சேசு மரி சூசை

அந்தோணியார் தெரு
11-2-1998

குழந்தைக்கு,

இது கடைசி இன்லாண்டு லெட்டர். இனி அனுப்பாதே.

கிராம சபைக்கு நான் வராததற்குக் காரணம் இடுப்பு. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் இல்லை என்றும் நினைத்துக்கொள்ளாதே. நீ பேசியதை நாகம்மாள் வந்து வரி வரியாகச் சொன்னாள். அய்யாவு சொன்னதையும் சொன்னாள். யாருதான் எடுக்கல என்றாராம். என் வீட்டுக்காரர் எடுக்கவில்லை. அங்கே இருந்து நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகவாவது வந்திருக்கலாமே என்றிருக்கிறது.

அப்பா பிடரியில் தட்டினதை எழுதியிருந்தாய். என்னையும்தான் தட்டினார். எனக்குத் தோளில் துண்டு இல்லை, அதனால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அது எனக்கு இன்னும் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இருக்கிறது. அடக்கத்தன்று தியாகு வரப்பில் வந்தபோது நானும் ஒதுங்கி நின்றேன். நீ பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

உன்னை மன்னித்தேன் என்று எழுதச் சொல்லிச் சாமியார் மூன்று தடவை வந்துவிட்டார். வராத வார்த்தையை எழுத முடியாது. அக்னஸ் என்னை மன்னித்தாளா என்று தெரிந்த பிறகு உன்னைப் பற்றி யோசிக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள நான் அங்கே போக வேண்டும், அதிக நாள் ஆகாது.

அதற்குத்தான் இந்தக் கடிதம். ஒரு ஏற்பாடு சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். நான் போகும்போது கோடையாக இருந்தால் எப்படியும் கொண்டுபோங்கள். பயிர் நிற்கிற காலமாக இருந்தால் வாய்க்கால் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். மேலவீட்டில் வயலில் இறங்கிப் போகச் சொல்வார்கள். கவுன்சிலர் அக்கா என்பார்கள். இறங்கக் கூடாது. இந்தத் தெருவில் எல்லாருக்கும் வயல் கிடைக்கிற அன்றைக்கு எனக்கும் கிடைக்கட்டும். சேற்றுத் துண்டு பன்னிரண்டடியில் ஜல்லி விழுந்தால் அதில் கொண்டுபோகலாம். அதுவரைக்கும் தண்ணீர்தான்.

நாலு பேர் யார் யார் என்பதைக் கொழுந்தனிடம் சொல்லியிருக்கிறேன். பின்பக்கத்து இடது தோளுக்கு யார் என்று அவன் கேட்டான். உன் பெயரைச் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. வேறு யாரும் வேண்டாம் என்றேன்.

தண்டு தோளை அறுக்கும். அறுக்கட்டும். துண்டை வீட்டில் வைத்துவிட்டு வா.

அக்கா,
சகாயம்